கன்ட்ரி பாடகர்களின் முதல் வேலை: பெருமையா, தப்பித்து வந்த கதையா?

#1 ரேடியோபெட்டி

இரவு ஷிப்டில் பழைய கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு வகை, கேட்பது என் வழக்கம். பாட்டு முடிந்தால் யூடியூப் தானாகவே பேட்டிகளுக்குத் தாவிவிடும். அப்படிப் பத்துப் பதினைந்து பேட்டி கேட்டபிறகு ஒன்று கண்ணில் பட்டது. ராக் பாடகரிடம் ஆரம்பக் காலத்தைக் கேட்டால் முதல் கிதார், முதல் மேடை என்று போவார். கன்ட்ரி பாடகர் முதல் கூலியில் ஆரம்பிப்பார். பருத்திக்காடு, சுரங்கம், பூட் பாலிஷ், லாரி என்று போய், கிதார் அதற்கப்புறம்தான் வரும்.

உதாரணம், ஜானி கேஷ். 1932இல் ஆர்கன்சாவில் பிறந்தவர். மூன்று வயதில் குடும்பம் டைஸ் என்ற குடியேற்றத்துக்குப் போகிறது. பொருளாதார மந்தத்தில் நொடித்துப்போன விவசாயிகளுக்காக ரூஸ்வெல்ட் அரசு சதுப்புக் காட்டுக்குள் அமைத்த ஊர் அது. 20 ஏக்கர் நிலம், ஒரு வீடு, உழுவதற்கு ஒரு கோவேறு கழுதை, எல்லாமே கடன். பையனின் முதல் வேலை, வயலில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் தூக்கிப் போவது. பிறகு அவனும் பருத்திக்குள் இறங்கிவிட்டான்.

1944 மே மாதம் அவருடைய அண்ணன் ஜாக், பள்ளிப் பட்டறையில் வேலிக் கம்பம் அறுக்கப் போய் மேசை ரம்பத்தில் மாட்டிக்கொண்டான். ஒரு வாரம் போராடி இறந்தான். வயது 14. அன்று அவன் போனது மூன்று டாலர் கூலிக்காக. அடக்கம் முடிந்த மறுநாளே அம்மா உட்பட மொத்தக் குடும்பமும் பருத்தி எடுக்க வயலில் நின்றது என்று கேஷ் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

என் கேள்வி இதுதான். இந்த வேலைகள்தான் இவர்களைப் பாட வைத்தனவா? இல்லை, பாடகரான பிறகு வேலைக் கதைக்கு மெருகு ஏற்றிக்கொண்டார்களா? கேட்டவர்கள், படித்தவர்கள் எழுதுங்கள்.


#2 கரிசல்காட்டான்

நல்ல இழை. ஆனால் ஒரு திருத்தம் போட்டே ஆக வேண்டும்.

> அடக்கம் முடிந்த மறுநாளே... பருத்தி எடுக்க வயலில் நின்றது

மே மாதத்தில் அங்கே பருத்தி வெடித்திருக்காது. விதைத்துச் செடி சாணளவு நிற்கிற நேரம். அவர்கள் போனது களைவெட்டுக்கு. நீளக் காம்பு போட்ட வெட்டியால் களையைக் கொத்தி, நெருங்கி முளைத்த செடிகளையும் கலைத்துவிட வேண்டும். அந்த வேலைக்கு அங்கே பருத்தி வெட்டுவது என்றே பெயர். அதில்தான் நீங்கள் தடுமாறியிருப்பீர்கள். எடுப்பு வருவது செப்டம்பர், அக்டோபரில்.

எடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படங்களில் வெள்ளைவெளேர் என்று அழகாகக் காட்டுகிறார்கள். நான் விருதுநகர்ப் பக்கம், பள்ளி லீவில் எடுப்புக்குப் போனவன். பஞ்சு மெத்தென்றுதான் இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் ஓடு காய்ந்துவிட்டால் ஒவ்வொரு முனையும் ஊசி. நகக்கண்ணாகப் பார்த்துக் குத்தும். இரண்டாம் நாள் சோறு பிசையும்போது உப்புப் பட்டால் தெரியும்.

எங்கள் ஊரில் பெண்கள் இடுப்பில் மடி கட்டி எடுப்பார்கள். அங்கே தோளில் மாட்டித் தரையோடு இழுத்துப் போகும் கான்வாஸ் பை. சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு அடி, பெரியவர்களுக்கு ஒன்பது அடி நீளம். நல்ல நாளில் 300 பவுண்டு வரை எடுத்திருக்கிறேன் என்கிறார் கேஷ். 136 கிலோ! நான் எந்த நாளும் அதில் கால்வாசியைத் தொட்டதில்லை. செடியோ இடுப்புக்குக் கீழே. பை நிறைய நிறைய இழுவை கூடும். நிமிர்ந்தால் முதுகு வலிக்கும் என்பதற்காகவே நிமிராமல் போவோம்.

இதைச் செய்தவன் பாட்டில் மெருகு ஏற்றினானா என்று கேட்டால், ஏற்றியிருந்தாலும் போகட்டும் என்பேன்.


#3 சந்தேகப்பிராணி

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்குள் நான் வந்துவிடுகிறேன்.

வியர்வைக் கதை, கன்ட்ரி இசைத் தொழிலின் தலைநகரான நாஷ்வில்லின் வியாபார முத்திரை. சோப்பு டப்பாவில் மல்லிகைப் பூ படம் போடுவது மாதிரி. எந்தப் புதுப் பாடகரின் அறிமுகத்தை எடுத்தாலும் ஒரு பண்ணை, ஒரு பழைய டிரக், ஒரு பாட்டி இருப்பார்கள். ஊரில் மாமா தோட்டத்தில் இரண்டு நாள் புல் வெட்டியதெல்லாம் வரலாறு ஆகிவிடும்.

கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியா ஸ்டுடியோவில் தரை துடைத்தவர், ஆஷ்டிரே கொட்டியவர் என்று எல்லோரும் உருகுவார்கள். உண்மைதான், 1966இல் பாப் டிலன் அங்கே ரெக்கார்டிங் செய்தபோது இவர் துப்புரவு வேலையில் இருந்தார். ஆனால் அப்பா விமானப்படையில் மேஜர் ஜெனரல். இவர் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியம் படித்தவர், ராணுவத்தில் கேப்டன், ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலை கையில் இருந்தது, வேண்டாமென்று வந்தார். ஏழ்மை வேறு, ஏழ்மையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது வேறு.

அந்த ஹெலிகாப்டர் கதையும் கேட்டிருப்பீர்கள். கேஷ் வீட்டுப் புல்வெளியில் இறங்கி, ஒரு கையில் பீர், மறு கையில் பாட்டு டேப்போடு வந்தாராம். இப்படிச் சொன்னவர் கேஷ். கிறிஸ்டோஃபர்சனோ, இறங்கியது நிஜம், பீரெல்லாம் கிடையாது, அப்போது கேஷ் வீட்டிலேயே இல்லை என்று சிரித்துக்கொண்டே மறுத்தார். கதை எப்படிக் காய்த்துப் பழுக்கிறது பாருங்கள்.


#4 வெள்ளிமணி

சந்தேகம் சார், பீர் பொய் என்பதால் துடைப்பமும் பொய்யாகிவிடுமா? அவர் அந்தக் காலத்தில் லூசியானாவிலிருந்து கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆளேற்றிப் போகும் ஹெலிகாப்டரும் ஓட்டினார். வாரம் அங்கே சம்பாதிப்பது, லீவில் நாஷ்வில் வந்து பாட்டு விற்க அலைவது. நீங்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். விழுந்தால் பிடிக்க அவருக்குக் கீழே ஒரு வலை இருந்தது.

வலை இல்லாதவர்களைப் பற்றிப் பேசலாம். இதுவரை இங்கே ஒரு பெண் பெயர் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்!

டாமி வைனெட். மிசிசிப்பியில் தாத்தாவின் பண்ணையில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்துக் குழந்தைகள், பிறகு பிரிவு. பியூட்டிஷியன் வேலை கற்று லைசன்ஸ் வாங்கினார். பர்மிங்ஹாம் பக்கம் பகலில் தலை அலங்காரம் செய்துகொண்டே பாட வாய்ப்புத் தேடினார். 1966இல் பிள்ளைகளோடு நாஷ்வில் வந்தார். கொஞ்ச நாளில் கன்ட்ரி இசையின் ராணிகளில் ஒருவராகிவிட்டார். ஆனால் அந்த பியூட்டிஷியன் லைசன்ஸை அவர் விடவேயில்லை. பாட்டு ஒருநாள் நின்றுபோனால் திரும்பப் போக ஒரு தொழில் வேண்டும் என்று வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். தங்க ரெக்கார்டுகள் சுவரில் தொங்கும்போதும்.

நான் பார்லர் வைத்திருக்கிறேன். அந்த விஷயத்தைப் படித்த அன்றைக்கு என் டிரேட் சர்டிஃபிகேட்டை எடுத்துத் தேதி பார்த்தேன். விளம்பரத்துக்குச் செய்கிறவர் இப்படிச் செய்ய மாட்டார் சார். இது பயம். இந்தப் பயத்தை எனக்குத் தெரியும்.

லொரெட்டா லின் கதை இன்னொரு மாதிரி. கென்டக்கியில் புட்சர் ஹாலோ, அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில். 15 வயதில் கல்யாணம், நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபோனார்கள். 20 வயதுக்குள் நான்கு பிள்ளைகள். ஸ்ட்ராபெர்ரி பறித்தார், அடுத்த வீட்டுக்காரர்களுக்குத் துணி துவைத்து வீடு கூட்டினார். கணவர் 17 டாலருக்கு வாங்கிக் கொடுத்த கிதாரில் தானாகவே வாசிக்கப் பழகினார். 1960இல் முதல் ரெக்கார்டு வந்தபோது இரண்டு பேரும் காரிலேயே படுத்துத் தூங்கி, ஊர் ஊராக ரேடியோ நிலைய வாசலில் நின்று, போடுங்கள் என்று கேட்டார்கள். இதில் எது முதல் வேலை? சம்பளம் வந்தால்தான் வேலை என்று சொல்வீர்களா?


#5 கொய்யாமரம்

> சோப்பு டப்பாவில் மல்லிகைப் பூ படம் போடுவது மாதிரி

நான் முதலில் வேலை செய்ததே சோப்புக் கம்பெனியில்தான். மல்லிகை வாசனையை டின்னில் கொண்டுவருவார்கள். மேலே தொடருங்கள், பாப்கார்ன் எடுத்து வந்துவிட்டேன்.


#6 தண்டவாளம்

இந்த இழையில் ஜிம்மி ராட்ஜர்ஸ் பெயர் இன்னும் வராதது ஆச்சரியம். கன்ட்ரி இசையின் தந்தை என்று அவரைத்தான் சொல்வார்கள். அவருக்கு இருந்த பட்டமே 'பாடும் பிரேக்மேன்'.

நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராட்ஜர்ஸ் 1897இல் பிறந்தவர். மிசிசிப்பியில் மெரிடியன் அவர் ஊர். அப்பா ரயில் பாதையில் கேங் மேஸ்திரி. பையன் முதலில் பார்த்த வேலை, பாதையில் வேலை செய்யும் கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. கேஷின் முதல் வேலையும் அதுவேதான் என்று ரேடியோபெட்டி எழுதியிருக்கிறார். பாட்டுக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வேலை கிடையாது. தண்ணீர் கொடுப்பவனுக்கு அவசரமில்லை. எல்லோரிடமும் போய் நிற்பான், எல்லாப் பேச்சும் காதில் விழும்.

பாதையை நேராக்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக. ரயில் ஓடி ஓடித் தண்டவாளம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அதைத் தனி ஆள் அசைக்க முடியாது. எட்டுப் பத்துப் பேர் ஆளுக்கொரு கடப்பாரையை அடியில் கொடுத்து ஒரே நொடியில் நெம்ப வேண்டும். ஒருவன் அரை நொடி பிந்தினால் தண்டவாளம் நகராது, அவன் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்காகவே ஒருவன் பாடுவான். அவன் வரியை இழுத்து முடிக்கும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து நெம்புவார்கள். ஒரு நெம்பலுக்கு அரை அங்குலமோ ஒரு அங்குலமோ நகரும். எங்கள் கேங்கிலும் குரல் கொடுக்க ஆள் இருந்தான். அவனை மற்ற வேலைக்கு விடவே மாட்டோம்.

அமெரிக்கத் தெற்கில் இந்தத் தொழிலாளர்களின் பாட்டுக்குள் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை இருந்தது. ராட்ஜர்ஸ் அதை அங்கேதான் வாங்கிக்கொண்டார். பிறகு பிரேக்மேனாகப் பல வருடம் ஓடினார். வண்டிக்கு நடுவே புகுந்து பெட்டி கோப்பது, கழற்றுவது, ஓடும் பெட்டியில் ஏறிக் கைச்சக்கரத்தை முறுக்கி பிரேக் போடுவது. விரல் போனவர்கள் அந்த வேலையில் அதிகம். 1924இல் அவருக்குக் காசநோய் வந்தது. ரயில் வேலை உடம்புக்கு ஒத்துவரவில்லை. அதனால்தான் பாட்டைத் தொழிலாக எடுத்தார், ஆசை மட்டும் காரணமில்லை. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் ஊரில் ரால்ஃப் பியர் என்பவர் தொப்பிக் கடை மாடியில் தற்காலிகமாக ஒலிப்பதிவு செய்தபோது போய்ப் பாடினார். அதே வாரத்தில் அங்கேயே கார்ட்டர் குடும்பமும் முதன்முதலாகப் பாடியது.

பிறகு ஆறே வருடம். 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசி ஒலிப்பதிவு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே படுக்க ஸ்டுடியோவிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். முடித்த இரண்டு நாளில் ஓட்டல் அறையில் இறந்தார். வயது 35.

கடைசி நாள்வரை வேலை பார்த்தார் என்று இதைப் பெருமையாக எழுதுவார்கள். குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்தது, அதனால் பாடினார். எனக்கு இது ஒரு தொழிலாளியின் கடைசி ஷிப்ட் மாதிரிதான் தெரிகிறது.


#7 ரேடியோபெட்டி

தண்டவாளம் ஐயா, அந்தக் கடப்பாரைப் பத்தியை மூன்று தடவை படித்தேன். கரிசல் அண்ணே, திருத்தத்துக்கு நன்றி. களைவெட்டு என்று முதல் பதிவில் மாற்றவில்லை, மாற்றினால் உங்கள் பதில் அந்தரத்தில் நிற்கும்.

வேலை இசைக்குள் நேரடியாக வந்து உட்கார்ந்ததற்கு என் பங்கு ஒன்று. கேஷ் ராணுவத்திலிருந்து 1954இல் திரும்பி மெம்ஃபிஸில் வீடு வீடாக ஏறி இறங்கி வீட்டுச் சாமான் விற்றார். சுத்தமாக விற்க வரவில்லை. காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பாராம். முதலாளிதான் நல்ல மனுஷன், முன்பணமும் கொடுத்து, உள்ளூர் ரேடியோவில் பாட அவருக்கு விளம்பரதாரராகவும் நின்றார். கூட வாசித்த லூதர் பெர்கின்ஸும் மார்ஷல் கிரான்ட்டும் கார் மெக்கானிக்குகள். பெரிய வித்வான்கள் இல்லை. லூதருக்கு எவ்வளவு வாசிக்க வந்ததோ அவ்வளவுதான் கேஷ் பாட்டுகளில் கேட்கும் அந்த 'பூம் சிக்க பூம்' தாளம். டிரம்ஸ் கிடையாது. கேஷ் தன் கிதார் கம்பிகளுக்கு நடுவே காகிதத்தைச் செருகி டிரம்ஸ் மாதிரி ஒரு கரகரப்பைக் கொண்டுவந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத ஒர்க்‌ஷாப்பில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது மாதிரி.


#8 ஈயப்பாத்திரம்

பருத்தி, ரயில் என்று பேசிக்கொண்டே ஒரு விஷயத்தின் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பி வருகிறோம். தண்டவாளம் ஐயா மட்டும் தொட்டார்.

டைஸ் குடியேற்றத்தில் கேஷ் குடும்பத்துக்கு 20 ஏக்கர் கிடைத்தது அல்லவா? அந்த ஊர் வெள்ளையர்களுக்கு மட்டும். மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்லெட்ஜ் என்று ஓர் ஊர். அங்கே 1934இல் பிறந்தவர் சார்லி பிரைட். அப்பா வாரத்துக்குப் பயிர் செய்தவர், நிலம் பிறத்தியாருடையது. இவரும் அதே பருத்தியைத்தான் எடுத்தார், அதே ரேடியோவில் அதே கன்ட்ரி பாட்டைத்தான் கேட்டார். 14 வயதில் சியர்ஸ் கடையில் ஒரு கிதார் வாங்கினார்.

பருத்தியிலிருந்து தப்பிக்க அவர் பிடித்த வழி பேஸ்பால். கறுப்பினத்தவருக்கான லீகில் மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸ் அணிக்குப் பந்து வீசினார். பெரிய லீக் கைகூடவில்லை. 1960இல் மொன்டானா மாநிலத்தில் ஈஸ்ட் ஹெலினா என்ற ஊருக்குப் போனார். அங்கே ஈயம் உருக்கும் ஆலை, ஆலைக்கு ஒரு பேஸ்பால் அணி. நன்றாக ஆடுபவனுக்கு ஆலையில் வேலை. கொதிக்கிற உலைக்கு நிலக்கரி இறக்குவது, தெறிக்கிற கசடுக்குத் தப்பி நிற்பது, இதுதான் பகல் வேலை. ஒருமுறை கணுக்காலே உடைந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் கால் மணி நேரம் பாடினால் 10 டாலர் தனியாகக் கொடுப்பார்கள். ஆக உலை, பந்து, பாட்டு என்று ஒரே ஆளுக்கு மூன்று வேலை.

1966இல் அவருடைய முதல் ரெக்கார்டுகளை ஆர்சிஏ நிறுவனம் ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியபோது வழக்கமாக வைக்கும் போட்டோவை வைக்கவில்லை. குரலைக் கேட்டு எல்லோரும் போட்டார்கள். பிறகு மேடையில் ஆள் வந்து நின்றதும் கைதட்டல் பாதியில் நின்றுபோன கதையை அவரே சிரிப்பாகச் சொல்வார். 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் அந்த ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை வாங்கினார்.

சந்தேகப்பிராணிக்கு: வியர்வைக் கதை வியாபார முத்திரை என்றீர்கள். பாதி சரி. ஆனால் பிரைட்டிடம் மற்ற எல்லோரையும்விட அதிக வியர்வை இருந்தது, அதை வைத்து முதலில் விற்க முடியவில்லையே. முகத்தை மறைத்துத்தானே விற்றார்கள்?

டிஃபோர்டு பெய்லி கதை இதற்கு நேர் தலைகீழ். ஹார்மோனிகா வாசித்தவர், நாஷ்வில்லின் கன்ட்ரி ரேடியோ நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் முதல் கறுப்பின நட்சத்திரம். அந்த நிகழ்ச்சியின் ஆரம்ப நாட்களிலிருந்தே இருந்தவர். 1941இல் வேலையை விட்டு எடுத்தார்கள். அப்புறம் நாஷ்வில்லிலேயே பூட் பாலிஷ் கடை வைத்து வாழ்ந்தார். மற்றவர்கள் பூட் பாலிஷில் ஆரம்பித்து ஆப்ரிக்குப் போனார்கள், அவர் ஆப்ரியிலிருந்து பூட் பாலிஷுக்குப் போனார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005இல்.


#9 சந்தேகப்பிராணி

போட்டோ விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் என் அடிப்படைச் சந்தேகம் அப்படியே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஆலிவர் ஆன்டனி என்ற பெயரில் ஒருவர் காட்டுக்கு நடுவே நின்று பாடிய ஒற்றைப் பாட்டு ஒரே வாரத்தில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் போனது. அதற்குமுன் அவர் எந்தப் பட்டியலிலும் வந்ததே இல்லை. காகித ஆலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர், விழுந்து மண்டையோடு விரிசல் விட்டவர். பாட்டு வந்த இரண்டாவது வாரத்தில் ஒரு கட்சிக்காரர்கள் விவாத மேடையில் அதைப் போட்டார்கள். நான் பாடியதே உங்களைப் போன்றவர்களைப் பற்றித்தான் என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று. பாடியவன் ஒன்று நினைக்க, எடுத்துக்கொண்டவன் ஒன்று செய்ய... தொழிலாளியின் பாட்டு எப்போதும் வேறு யாருடைய பாக்கெட்டுக்காவது போகிறது.


#10 மட்டுறுத்துநர்

#9க்குப் பிறகு வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அமெரிக்கத் தேர்தலுக்குத் தனி இழை இருக்கிறது. கொய்யாமரம், பாப்கார்னை உள்ளே வையுங்கள்.


#11 வெள்ளிமணி

டாலி பார்ட்டனைச் சொல்லாமல் இந்த இழையை மூட விடமாட்டேன்.

டென்னசியில் செவியர் கவுன்ட்டி. 12 பிள்ளைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குப் பணம் கொடுக்க இல்லாமல் ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தார் அப்பா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின்னாளில், 1995இல், டாலி குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகம் அனுப்பும் திட்டம் தொடங்கியது அப்பாவை நினைத்துத்தான். பத்து வயதிலேயே நாக்ஸ்வில் ரேடியோவில் சம்பளத்துக்குப் பாடினார். ஆக அவருடைய முதல் வேலையே பாட்டு. 1964இல் உயர்நிலைப் பள்ளி முடித்த மறுநாளே நாஷ்வில்லுக்கு பஸ் ஏறினார்.

ஆபீஸ் வேலைக்கு அவர் போனதில்லை. ஆனால் 1980இல் ஒரு படத்தில் ஆபீஸ் பெண்ணாக நடிக்கும்போது, ஒட்டு நகங்களை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். டைப்ரைட்டர் சத்தம் மாதிரியே இருந்தது. அந்தத் தாளத்திலேயே வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டிவிட்டார். ரெக்கார்டிலும் அந்த நகச் சத்தம் இருக்கிறது. சந்தேகம் சார் இதைப் போலி என்பாரா? அந்த வேலையைச் செய்யாதவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டைப்ரைட்டரைக் காதால் கேட்டிருக்கிறாரே.


#12 சந்தேகப்பிராணி

சொல்ல மாட்டேன். நகம் எனக்கும் பிடித்திருக்கிறது. :)


#13 ரேடியோபெட்டி

இரண்டு நாளாக மெர்ல் ஹாகார்டு பேட்டிகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கத்தில் ஆயில்டேல். ரயில் பெட்டி ஒன்றை வாங்கி அப்பாவே வீடாக மாற்றியிருந்தார். அந்த அப்பா ரயில்வேயில் தச்சர். மெர்லுக்கு ஒன்பது வயது இருக்கும்போது இறந்துபோனார். அதன்பிறகு பையன் கைக்கு அடங்கவில்லை. சீர்திருத்தப் பள்ளி, திருட்டு, கடைசியில் சான் குவென்டின் சிறை. அங்கே கேஷ் வந்து பாடியபோது கைதிகள் கூட்டத்தில் இவரும் உட்கார்ந்திருந்தார்.

1960இல் வெளியே வந்ததும் செய்த வேலை, அண்ணனின் எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டில் பள்ளம் வெட்டுவது. ராத்திரி பாரில் பாட்டு. பின்னாளில் உழைப்பாளிகளைப் பற்றி அவர் எழுதிய பாட்டுகள் எவ்வளவு பிரபலம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் பேட்டிகளில் பள்ளம் வெட்டுவது எனக்குப் பண்பாட்டைக் கற்றுத் தந்தது என்ற மாதிரிப் பேச்சு காணோம். நான் கேட்ட இத்தனை பேரிலும், வேலையை அனுபவித்துப் பேசுகிறவர்களைவிட அதை விட்டு வந்த நாளைத் துல்லியமாக நினைவு வைத்திருப்பவர்கள்தான் அதிகம். உழைப்பே உயர்வு என்று புல்லாங்குழல் வாசிப்பது பேட்டி எடுப்பவர். நான் இந்த இழையை ஆரம்பித்தபோது என் கேள்வியும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. டாமி லைசன்ஸைப் புதுப்பித்ததைப் படித்த பிறகு அந்தக் கேள்வியே கூச்சமாக இருக்கிறது.


#14 மூன்றாம்ஷிப்ட்

நெடுநாள் வாசகன், முதல் பதிவு.

என் முதல் வேலை ஒரு பனியன் கம்பெனியில் கைமடிப்பு. பெயர் வேண்டாம். மூன்று மாதச் சம்பளத்தை நாளை நாளை என்று இழுத்து, கடைசியில் பாதிக்குத் துணியாகக் கொடுத்தார்கள். மொத்தம் 40 பனியன். எல்லாம் ஒரே சைஸ், எனக்குச் சேராத சைஸ்.

அப்போது எனக்கு அந்த '16 டன்' பாட்டு தெரியாது. 1955இல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடிப் பிரபலமானது. எழுதிய மெர்ல் டிராவிஸ் கென்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அங்கே சுரங்கக் கம்பெனி சம்பளத்தைப் பணமாகத் தராமல் டோக்கனாகக் கொடுக்கும். அந்த டோக்கன் கம்பெனிக் கடையில் மட்டும்தான் செல்லும். கடையில் விலையும் கம்பெனி வைத்ததுதான். மாதம் முடிந்தால் சுரங்கம் வெட்டினவன் கடைக்குக் கடன்காரனாக நிற்பான். எனக்குச் சாகக்கூட வசதியில்லை என்று டிராவிஸின் அப்பா சொல்வாராம், அதையே மகன் பாட்டில் வைத்துவிட்டார்.

முதல்முறை அர்த்தம் புரிந்து கேட்டபோது நான் அழவில்லை. 40 பனியனை நினைத்துச் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மெஷின்காரர் பயந்துபோனார்.


#15 கொய்யாமரம்

நல்வரவு மூன்றாம்ஷிப்ட். அந்தப் பனியன் எக்ஸ்எல் என்றால் சொல்லுங்கள்.


#16 தண்டவாளம்

மூன்றாம்ஷிப்ட் தம்பி, அடிக்கடி எழுதுங்கள்.


#17 கரிசல்காட்டான்

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு 71 வயது, இன்னமும் எடுப்புச் சமயத்தில் காட்டைச் சுற்றிவராமல் இருக்க மாட்டார். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து போனில் கேஷ் பாட்டு ஒன்றைப் போட்டேன். வார்த்தை புரியாது. குரல் நல்லா கனமா இருக்கு என்றார். அப்புறம் டைஸ், 20 ஏக்கர், ஆற்று வெள்ளம், ஒன்பது அடிப் பை எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது அடிப் பையைக் கேட்டு, அம்மாடி, அத எப்படி வரப்புல திருப்புவாக என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் தாயும் களைவெட்டுக்குப் போனதைச் சொன்னேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. போகத்தானே செய்வாள் என்கிற மாதிரி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

எழுந்து உள்ளே போகும்போது வாசற்படியில் நின்று கேட்டார்: "அந்தப் பய அறுத்த கம்பத்துக்கு மூணு டாலர்னு சொன்னியே, அத அவுக வீட்டுல குடுத்தாகளா?"